தேவாலய முற்றத்தில் காத்திருந்தவர்கள்





மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி, ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தைப் பற்றி எழுத வருவதேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் உள்ள அந்தத் தேவாலயத்தைச் சுற்றி அரை நாள் நடந்தால் நமது தீவின் பெயரும் நமது மார்க்கத்தின் வரலாறும் அடுத்தடுத்துக் கண்ணில் படுகின்றன. அது மட்டுமன்று. தனது பழைய கணக்கை ஒரு சமூகம் எவ்வாறு திறந்து பார்க்கிறது என்பதையும் அங்கே படித்துக்கொள்ளலாம். அந்தப் பாடம் நமக்கும் உரியது என்பதாலேயே எழுதத் துணிந்தேன்.

ஆசிரியர்களின் சந்திப்பொன்றுக்காக அந்நகருக்குச் சென்றிருந்தேன். எல்லோரும் போவதுபோல நானும் மேசை மலையையும் கடற்கரையையும் பார்த்தேன். அவற்றின் அழகைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நகரின் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சில பழைய கட்டடங்களைப் பற்றி மாத்திரம் இங்கே சொல்லுகிறேன். என்னோடு சற்று நடந்து வாருங்கள்.

ஒரே கம்பனி, ஒரே சபை

முதலில் ஒரு விடயத்தை மனதிற் கொள்ளுங்கள். 1652ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி, யான் வான் ரீபெக் என்பவரின் தலைமையில் நன்னம்பிக்கை முனையில் காலூன்றியது. கிழக்கே போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் இறைச்சியும் கொடுக்க அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அதே கம்பனிதான் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. கேப்பை 1795இலும் கொழும்பை 1796இலும் ஆங்கிலேயர் எடுத்துக்கொள்ளும் வரை இரண்டு துறைமுகங்களும் ஒரே எஜமானின் கையில் இருந்தன. ஒரே கப்பல்கள் இரண்டுக்கும் வந்து போயின.

கம்பனி போன இடமெல்லாம் அதனுடன் ஒல்லாந்த சீர்திருத்த சபையும் போனது. பாதிரிமாருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பனி. தேவாலய சபை கூடும்போது கம்பனியின் பிரதிநிதி ஒருவரும் அதில் அமர்ந்திருப்பார். நமது கொழும்பு வுல்பெண்டால் மேட்டில் கனத்த சுவர்களுடன் நிற்கும் தேவாலயத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1749இல் வேலை தொடங்கி 1757இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. கேப் டவுனில் நான் பார்க்கப் போன தேவாலயம் அதற்கு மூத்த சகோதரி எனலாம்.

கதவுள்ள ஆசனங்கள்

அதனைக் 'குரூட்டே கெர்க்' என்கிறார்கள். பெரிய கோயில் என்பது அதன் பொருள். அடர்லி வீதியின் மேற்பகுதியில் இருக்கிறது. முதற்கட்டடம் 1704ஆம் ஆண்டு தை மாதத்தில் திறக்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் 1841இல் முடிக்கப்பட்டது. பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தை மாத்திரம் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் கண்ணை இழுப்பது பிரசங்க மேடை. அன்டன் அன்ரெய்த் என்ற சிற்பியும் யான் கிராஃப் என்பவரும் தேக்கு மரத்தில் செய்து 1789இல் முடித்த வேலைப்பாடு. அதனை மரச் சிங்கங்கள் தோளில் சுமக்கின்றன. அந்தச் சிங்கங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நிற்கலாம்.

என் மனதைப் பிடித்தவை வேறு. சில ஆசனங்களைச் சுற்றி மரச்சுவர் எழுப்பிக் கதவு வைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பூட்டும் உண்டு. சிலவற்றில் குடும்பச் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கிறது. பணமுள்ள குடும்பங்கள் தமக்கென வைத்துக்கொண்ட இருக்கைகள் அவை. பிறருக்கு அங்கே இடமில்லை. பள்ளிவாசலின் சஃப்பில் முந்தி வந்தவர் முன்னால் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பூட்டு உறுத்தியது. ஆனாலும் அவசரப்பட்டுப் பெருமை பேச வேண்டாம். நமது கணக்குக்கும் பின்னர் வருவோம்.

கேப்பை ஆண்ட தேசாதிபதிகள் சிலர் இந்த இடத்திலே அடக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சைமன் வான் டெர் ஸ்டெல். 1679இல் கேப்பின் தலைவராக வந்தவர். இவருடைய தகப்பன் 1646ஆம் ஆண்டு நமது இலங்கையில் கண்டி மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்டார். இவருடைய தாயின் தாய், இந்தியக் கரையிலிருந்து வந்த ஓர் அடிமைப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அடிமைப் பெண்ணின் பேரன் தேசாதிபதியாகித் தேவாலயத்தில் அடக்கப்பட்டான். அந்தப் பாட்டியைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் எங்கே இருந்தார்கள்? அதற்கு விடை காணப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும்.

பக்கத்துக் கட்டடம்

தேவாலயத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையே ஒரு சிறு வீதிதான் இருக்கிறது. கம்பனி தன்னுடைய அடிமைகளை அடைத்து வைப்பதற்காக 1679இல் கட்டிய விடுதி அது. இன்று 'அடிமைகள் விடுதி' என்ற பெயரில் நூதனசாலையாக இருக்கிறது.

1679 முதல் 1811 வரை அங்கே வாழ்ந்து மடிந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். வெளிச் சுவர்களில் ஜன்னல்கள் இருக்கவில்லை. கம்பி போட்ட சிறு துவாரங்கள் மாத்திரமே இருந்தன. பகல் முழுவதும் கம்பனியின் தோட்டத்திலும் வைத்தியசாலையிலும் துறைமுகத்திலும் வேலை. இரவில் உள்ளே தள்ளிப் பூட்டு. பூட்டுமுன் மாலையில் ஒரு மணி நேரம் சிப்பாய்களும் மாலுமிகளும் உள்ளே வந்து போக இடம் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த பெண்களின் நிலையை இதற்கு மேல் எழுத என் பேனா கூசுகிறது. தாய்மாரான உங்களுக்கு அது விளங்கும். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய சட்டம்.

1652க்கும் 1808க்கும் இடையில் ஏறத்தாழ 63,000 பேர் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மடகஸ்கார், ஆபிரிக்காவின் கரைகள், இந்தோனேசியத் தீவுகள், நமது இந்தியத் துணைக்கண்டம் என ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஏறக்குறையக் கால் பங்கு. கையைக் கட்டிக் கப்பலின் அடித்தட்டில் கிடத்திக் கொண்டுவந்த விதத்தை நூதனசாலையில் மாதிரியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்குள் நின்றபோது எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்து ஓர் ஒளித்தூண். அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பெயர்கள். அந்த விடுதியில் இருந்தவர்களின் பெயர்கள் அவை. தாய் தகப்பன் வைத்த பெயரைப் பறித்துவிட்டு எஜமானர்கள் புதுப்பெயர் வைத்தார்கள். வந்து இறங்கிய மாதத்தையே பெயராக்கிய வழக்கமும் இருந்தது. ஜனவரி, ஏப்ரல், செப்டெம்பர் என்று மனிதர்களை அழைத்தார்கள். அந்நகரில் இன்றும் செப்டெம்பர் என்று குடும்பப் பெயருடையவர்களைக் காணலாம். பெயருடன் பிறந்த ஊரும் ஒட்டப்பட்டது. 'வான் பெங்காலன்' என்றால் வங்காளத்தைச் சேர்ந்தவர். 'வான் சிலோன்' என்றால், சகோதரிகளே, நம்மூரைச் சேர்ந்தவர்.

தேவாலயத்தின் மறுபக்கம் ஒரு சதுக்கம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து எஜமானர்கள் வெளியே வரும்வரை அடிமைகள் அங்கேயே காத்திருப்பார்களாம். அருகில் ஒரு மரம் இருந்தது. அதன் கீழே மனிதர்களை ஏலம் போட்டு விற்றார்கள் என்பது அவ்வூர்ப் பேச்சு. 1916இல் அம்மரம் வெட்டப்பட்டது. அது நின்ற இடத்தை ஒரு வட்டக்கல் காட்டுகிறது. 2008ஆம் ஆண்டு சதுக்கத்தில் 11 கருங்கற் பாளங்களை நினைவுச் சின்னமாக வைத்தார்கள். அடிமைகளின் பெயர்களும் அவர்கள் பட்ட துன்பத்தைச் சொல்லும் வார்த்தைகளும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. களைத்து வருபவர்கள் அவற்றின்மேல் குந்தி இளைப்பாறுகிறார்கள். எழுத்தை வாசிப்பவர்கள் சிலரே. ஆனாலும் தேவாலயத்திலிருந்து வெளியே வருபவர் அக்கற்களைப் பார்க்காமல் போக முடியாது.

பிராந்தியும் ஞானஸ்நானமும்

இந்தத் துன்பத்தில் தேவாலயத்துக்கு என்ன பங்கு? கம்பனி செய்த வியாபாரத்துக்குப் பாதிரிமார் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நூதனசாலைகளையும் அவற்றை ஒட்டிய ஆய்வுகளையும் படித்தால் பதில் கிடைக்கிறது.

1658ஆம் ஆண்டு கப்பலில் பிடித்துவரப்பட்ட சிறு பிள்ளைகளுக்காகக் கேப்பில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். ஒல்லாந்த மொழியும் கிறிஸ்தவ வணக்கங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. பாடத்தை ஒழுங்காகக் கேட்கும் பிள்ளைக்கு ஒரு கிளாஸ் பிராந்தியும் ஒரு துண்டுப் புகையிலையும் கொடுக்கப்படும் என வான் ரீபெக் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நானும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். இதைப் படித்தபோது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தாயைப் பிரிந்த பிள்ளைக்குக் கல்வியின் கூலியாகக் கிடைத்தது மது.

அடுத்து ஞானஸ்நானத்தின் கதை. ஒல்லாந்து நாட்டின் டோர்ட் நகரில் 1618-19இல் கூடிய பெரிய சபை, ஞானஸ்நானம் பெற்ற அடிமை ஏனைய கிறிஸ்தவரைப் போலவே சுதந்திரத்துக்கு உரியவர், அவரை விற்கக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தது. நல்ல கருத்துத்தான். ஆனால், நடந்ததைப் பாருங்கள். 1770இல் பத்தேவியாவிலிருந்த கம்பனி அரசு, ஞானஸ்நானம் பெற்ற அடிமைகளை விற்கக் கூடாதென்று விதித்தது. உடனே எஜமானர்கள் கணக்குப் பார்த்தார்கள். அடிமை கிறிஸ்தவராகிவிட்டால் விற்க முடியாது, விலை போய்விடும். ஆகவே, தம் வீட்டு அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள். மனிதரை நல்வழிப்படுத்தவே வந்தோம் என்று சொன்ன சபையின் அங்கத்தவர்கள், சந்தை விலை குறையுமென்று அதே மனிதருக்குச் சபையின் கதவை அடைத்தார்கள். 1812இல் ஆங்கிலேய தேசாதிபதி கிரடொக் அந்த விதியை நீக்கும்வரை நிலைமை அவ்வாறே இருந்தது.

அடிமைகளுக்குச் சட்டப்படி திருமணமும் இல்லை. 1823இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்துக்குப் பின்னரே, அதுவும் கிறிஸ்தவராகிய அடிமைகளுக்கு மாத்திரம், அந்த உரிமை கிடைத்தது. அதுவரை கணவன் ஓரிடத்துக்கும் மனைவி வேறிடத்துக்கும் விற்கப்படலாம். கேட்க ஆளில்லை.

வான் சிலோன் வாங்கிய நிலம்

அடிமைகள் விடுதியின் மூலையில் தொடங்கும் வேல் வீதியில் மேலே ஏறி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் பல நிற வீடுகள் தென்படும். போ-காப் என்ற அந்தப் பகுதியில் பாங்கோசை கேட்கும். சபையின் கதவு யாருக்கு மூடப்பட்டதோ அவர்களில் பலர் இந்த மேட்டிலேதான் தம் ஈமானைக் கண்டெடுத்தார்கள்.

அதுவும் இலகுவாக நடக்கவில்லை. கம்பனியின் 1642ஆம் ஆண்டுச் சட்டக்கோவை சீர்திருத்த சபையைத் தவிர வேறெந்த மதத்தையும் பகிரங்கமாக அனுஷ்டிக்க இடமளிக்கவில்லை. கிழக்கில் தன்னை எதிர்த்த முஸ்லிம் தலைவர்களைக் கம்பனி நாடுகடத்தியது. மக்காஸரின் ஷெய்கு யூசுப் அவர்களை 1684இல் முதலில் இலங்கைக்குத்தான் கொண்டு வந்தார்கள். பத்து வருடங்கள் இங்கே இருந்து கிதாபுகள் எழுதினார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வரும் ஜாவாக் கரையோர மக்கள் வழியில் அவர்களைச் சந்திக்கிறார்கள் என்று கம்பனி பயந்து, 1694இல் கேப்புக்கு அனுப்பியது. 1699இல் அங்கேயே வபாத்தானார்கள். நமது நாட்டு மலாய்ச் சகோதரர்களின் முன்னோர் பலரும் கம்பனியின் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவுமே இங்கு வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நூறு வருடங்களுக்குப் பின் வந்தவர் திடோர் தீவின் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். மக்கள் அவர்களை துவான் குரு என்றழைத்தார்கள். 1780இல் கைதியாக ரொபன் தீவில் அடைக்கப்பட்டார்கள். பின்னொரு காலத்தில் நெல்சன் மண்டேலாவை வைத்திருந்த அதே தீவு. கையில் முஸ்ஹப் இல்லாத நிலையில் மனனத்திலிருந்தே குர்ஆனை எழுதினார்கள். விடுதலையாகி வந்து 1793இல் டோர்ப் வீதியில் மத்ரஸா தொடங்கினார்கள். அடிமைப் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள். தேவாலயம் நிறைவேற்றி வைக்காத திருமணங்களை இமாம்கள் நிகாஹ் ஓதி நடத்தினார்கள். ஜனாஸாக்களை அடக்கினார்கள். சட்டம் அந்த நிகாஹை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண், தன்னை ஒருவனின் மனைவி என்று தன் சமூகத்தின் முன் சொல்லிக்கொள்ள முடிந்தது.

அதே டோர்ப் வீதியில் அவ்வல் பள்ளிவாசல் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் முதலாவது பள்ளிவாசல் என்பதால் அந்தப் பெயர். அது தொடங்கிய ஆண்டு 1794 என்கிறார்கள். அந்த நிலம் யாருடையது தெரியுமா? கொரிடொன் வான் சிலோன் என்பவருடையது. நமது தீவின் பெயரைத் தாங்கிய, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு முஸ்லிம். கேப்பில் நிலம் சொந்தமாக வாங்கிய முதல் முஸ்லிம் அவரே என்கிறார்கள். அவர் இங்கே எந்த ஊரில் பிறந்தார், தாய் அவருக்கு என்ன பெயர் வைத்தாள் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. 'கொரிடொன்' என்பது பழைய கிரேக்க இலக்கியத்து ஆட்டிடையனின் பெயர், எஜமான் வைத்தது. அவருடைய மகள் ஸார்ச்சி வான் டெ காப் என்ற பெண்மணிதான் அந்த இடத்தைத் தொழுகைக்காகக் கொடுத்தவர். ஓர் அடிமையின் மகள் கொடுத்த நிலத்தில், 200 வருடங்களுக்கு மேலாக ஸுஜூது நடக்கிறது.

அங்கே இரண்டு ரக்அத் தொழுதேன். பெரிய பிரசங்க மேடையோ சிங்கமோ அங்கே இல்லை. துவான் குரு எழுதிய குர்ஆன் கண்ணாடிக்குள் இருந்தது.

நூதனசாலையும் மறைக்கும்

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். நூதனசாலை என்றால் அங்கே சொல்வதெல்லாம் மெய் என்று நாம் நம்பிவிடுகிறோம். அடிமைகள் விடுதி 1966இல் நூதனசாலை ஆனபோது அதற்கு 'கலாசார வரலாற்று நூதனசாலை' என்று பெயர். உள்ளே வெள்ளிப் பாத்திரமும் மேசை நாற்காலியும் எகிப்து, கிரேக்கத்துப் பழம்பொருளும் வைத்திருந்தார்கள். அடிமைகள் உறங்கிய நிலத்தின்மேல் எஜமானர்களின் தேநீர்க் கோப்பைகளைக் காட்டினார்கள். நிறவெறி அரசு விழுந்த பின்னர், 1998இலேதான் அக்கட்டடத்துக்கு அதன் உண்மைப் பெயர் திரும்பக் கிடைத்தது.

போ-காப்பிலும் ஒரு வீட்டை 1978இல் நூதனசாலையாக்கினார்கள். அங்கே காட்டப்பட்டது 'மலாய்' குடும்பத்தின் அழகான பழைய வீடு. அந்த மேட்டு மக்களின் முன்னோரில் வங்காளத்தவரும் ஆபிரிக்கரும் நம்மவரும் இருந்தார்கள் என்பதும், அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதும் அந்த அழகில் மறைந்தன. பின்னர் வந்த பொறுப்பாளர்களும் ஊர் மக்களும் கேள்வி கேட்ட பின்பே அந்தக் கதை திருத்தப்படத் தொடங்கியது.

நகரின் லோங் வீதியில் அடிமைகளுக்குப் போதிப்பதற்கென்றே 1804இல் கட்டிய ஒரு தேவாலயம் உண்டு. நல்லெண்ணமுள்ள கிறிஸ்தவர்கள் கட்டியது. நிறவெறிச் சட்டங்கள் அந்தச் சபையினரை நகரிலிருந்து வெளியேற்றின. 1970களில் கட்டடம் நூதனசாலையாக்கப்பட்டது. கட்டடத்தைக் காத்தார்கள். அதில் வணங்கியவர்களைக் காக்கவில்லை.

சீர்திருத்த சபையும் தன் கணக்கைத் திறக்கப் பல காலம் எடுத்தது. 1857இல் அதன் மாநாடு, சிலரின் பலவீனத்தைக் கருதி வெள்ளையரும் ஏனையோரும் தனித்தனியே வணங்கலாமென இடமளித்தது. நூறு வருடங்களுக்குப் பின் நாட்டின் நிறவெறிச் சட்டங்களுக்கு அதுவே ஒரு தூணாயிற்று. 1998இல் அச்சபையின் பொது மாநாடு நிறவெறி அடிப்படையிலேயே பிழையும் பாவமும் என்று அறிவித்தது. 2022 டிசம்பரில் ஒல்லாந்தின் பிரதமரும் 2023 ஜூலையில் அந்நாட்டு மன்னரும் அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார்கள். கண்டி இராச்சியத்திலிருந்து எடுத்துச் சென்ற லெவ்கேயின் பீரங்கி உட்பட ஆறு பழம்பொருட்களை 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தார்கள். கொரிடொனின் உண்மைப் பெயரை எவராலும் திருப்பித் தர இயலாது. இருந்தாலும், செய்ததைச் செய்தோம் என்று வாயால் சொல்வது சிறிய காரியமன்று.

நமது கணக்கு

சகோதரிகளே, இவ்வளவையும் படித்துவிட்டு "பார்த்தீர்களா, அவர்கள் எவ்வளவு கொடியவர்கள்!" என்று புத்தகத்தை மூடிவிட்டால், நான் எழுதியது வீண்.

கேப்பில் சுதந்திரம் பெற்ற முஸ்லிம்களில் சிலரும் அடிமைகளை வைத்திருந்தார்கள். பதிவுகள் அதைச் சொல்கின்றன. அல்குர்ஆன் அடிமையை விடுவிப்பதைப் பெரும் நன்மையாகச் சொல்கிறது. ஸகாத் பெறத் தகுதியானோரில் ஒரு பிரிவாக அதனை வைத்திருக்கிறது. பிலால் (ரழி) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு போகிறது. அப்படியிருந்தும் சவூதி அரேபியாவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1962இல். மொரித்தானியா நாட்டில் 1981இல் தடை செய்து, 2007இலேதான் அதைக் குற்றமாக்கினார்கள். அவர்களுடைய தேவாலயத்தின் பூட்டை நான் கண்டது போல, ஓர் அந்நியர் நம் வரலாற்றைப் பார்த்து நம் பூட்டுகளைச் சுட்டிக்காட்டினால் என்ன சொல்வோம்?

தூர தேசத்தை விடுவோம். நமது நாட்டிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடாவுக்குப் போன எத்தனையோ தாய்மார், கடவுச்சீட்டை எஜமானியின் அலுமாரியில் பூட்டி வைத்ததைக் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வீடுகளிலும் ஐந்து நேரமும் பாங்கு கேட்டது. நம் ஊர்களிலும் வசதியுள்ள வீட்டு அடுப்படியில் தூரத்துக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த சிறுமி ஒருத்தி பாத்திரம் கழுவிய காலத்தை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அவளுடைய பாய் அடுப்படி மூலையில். அவளுடைய சாப்பாடு எல்லோரும் சாப்பிட்ட பிறகு. அவளுக்கும் வாயில் வந்த ஒரு பெயரை வைத்துக் கூப்பிட்ட வீடுகள் இருந்தன. அவளுடைய உம்மா வைத்த பெயரை யார் கேட்டார்கள்? நாம் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுக்கவும், நாம் உடுப்பதை உடுக்கக் கொடுக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் பயானில் கேட்டோம். அடுப்படியில் செய்தோமா?

அடிமைகள் விடுதியை நூதனசாலையாக்கியவர்கள் நமக்குக் காட்டும் வழி இலகுவானது. முதலில் பெயரைக் கேள். பிறகு அந்த மனிதர் எங்கே படுத்தார், என்ன தின்றார், யார் லாபம் பெற்றார் என்று கேள். கேட்டதை மறைக்காமல் எழுதி வை. ஒரு குடும்பமும் இதைச் செய்யலாம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள்: நம் வீட்டில் வேலை செய்த அந்தப் பெண் யார்? அவள் பெயர் என்ன? கடைசியில் எங்கே போனாள்? அவளுக்குச் சேர வேண்டிய கூலி போய்ச் சேர்ந்ததா? அவளோ அவளுடைய பிள்ளைகளோ இன்னும் இருந்தால் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவதற்கு வழி இன்னும் திறந்திருக்கிறது.

அடுத்த பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுடன் கொழும்புக்குப் போனால் வுல்பெண்டால் தேவாலயத்தையும் வெளியே நின்று காட்டுங்கள். கோட்டைத் தேவாலயத்திலிருந்த ஒல்லாந்த தேசாதிபதிகளின் எச்சங்களை 1813இல் அங்கே கொண்டுவந்து அடக்கினார்கள் என்பதைச் சொல்லுங்கள். அங்கிருந்து கொம்பனித்தெருவுக்குக் கூட்டிப் போய், ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு 'அடிமைகளின் தீவு' என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லுங்கள். கம்பனி தன் அடிமைகளை இரவில் வைத்திருந்த இடம் அது. இன்று அதே இடத்தில் மலாய்ப் பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் இருப்பதையும் காட்டுங்கள். அத்தேவாலயத்தில் இன்று வணங்கும் மக்கள் நம் அயலவர்கள். அவர்கள் மீது பழி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பாவத்தை அறிவது அயலவரை வெறுக்க அல்ல, நம் கையை நாமே பார்த்துக்கொள்ளத்தான்.

மறுமையில் ஏடுகள் விரிக்கப்படும்போது, வாசலில் காத்திருந்தவர்களும் சாட்சி சொல்ல வருவார்கள். அதற்கு முன்னரே நம் ஏட்டை நாமே புரட்டிப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.